பிடி-1 ஏற்பிக்கு மனித ஆன்டிபாடி செய்தது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புற்றுநோய் வார்டில் இன்று 'இம்யூனோதெரபி' என்றால் பெரும்பாலும் நிவோலுமாப் அல்லது பெம்ப்ரோலிசுமாப்தான். இரண்டுமே டி செல் என்ற நோய் எதிர்ப்புச் செல்லின் மேல் இருக்கும் பிடி-1 என்ற ஏற்பியில் (சைகை வாங்கும் புரதத்தில்) போய் ஒட்டிக்கொள்ளும் மோனோகுளோனல் ஆன்டிபாடிகள். ஆன்டிபாடி என்றால் குறிப்பிட்ட ஓர் இலக்கில் மட்டும் ஒட்டும் நோய் எதிர்ப்புப் புரதம். மருந்து எடுப்பவர்களின் வீட்டாரும் பயோடெக் படிக்கும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நிவோலுமாப்தான் முக்கிய உதாரணம். அது உருவான ஒவ்வொரு கட்டமும் ஆய்வுக் கட்டுரைகளிலும் காப்புரிமை ஆவணத்திலும் விரிவாகப் பதிவாகியிருக்கிறது.

பிடி-1 என்ன வேலை செய்கிறது?

கிருமி புகுந்த செல்லையும் கெட்டுப்போன செல்லையும் தேடிக் கொல்வது டி செல்களில் ஒரு வகையின் வேலை. கொல்லத் தெரிந்த செல்லுக்கு நிறுத்தவும் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் சொந்த உறுப்பையே அழித்துவிடும். நிறுத்துவதற்கு உடம்பு வைத்திருக்கும் பிரேக்குகளில் ஒன்று பிடி-1.

1992இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தசுகு ஹோன்ஜோவின் ஆய்வகத்தில் யசுமாசா இஷிடா இந்த மரபணுவைப் பிரித்தெடுத்தார். இது எதற்காக இருக்கிறது என்று அப்போது யாருக்கும் விளங்கவில்லை. விடை எலிகளிடமிருந்து வந்தது. பிடி-1 மரபணுவை நீக்கிய எலிகளுக்கு வயது ஏற ஏற லூபஸ் (உடம்பு தன்னையே தாக்கும் நோய்) போன்ற நோய் வந்ததை 1999இல் காட்டினார்கள். 2001இல் வேறொரு எலி இனத்தில் அதே மரபணுவை நீக்கியபோது இதயம் விரிந்து பழுதானது. சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு பிரேக்கை நீக்கிய எலிகளோ பிறந்து மூன்று, நான்கு வாரங்களில் இறந்துபோயின. இந்த வித்தியாசம் முக்கியம். பிடி-1ஐத் தடுத்தாலும் ஆபத்து உண்டு, ஆனால் அது மெதுவாக வரும், சமாளிக்க அவகாசம் இருக்கும் என்ற நம்பிக்கையை இந்த எலிகள்தான் கொடுத்தன.

இதில் புற்றுநோய் எங்கே வருகிறது?

பிடி-1ஐ அழுத்தும் புரதத்தின் பெயர் பிடி-எல்1. இரண்டுக்கும் உள்ள தொடர்பு 2000ஆம் ஆண்டில் தெரியவந்தது. பல வகைப் புற்றுநோய்ச் செல்கள் இந்தப் புரதத்தைத் தங்கள் மேல்பரப்பில் நிறைய வைத்திருக்கின்றன. கொல்ல வந்த டி செல் பக்கத்தில் வந்ததும் பிரேக் விழுகிறது. பிடி-1க்கும் பிடி-எல்1க்கும் நடுவே ஓர் ஆன்டிபாடியை நுழைத்துவிட்டால் டி செல் தன் வேலையைத் தொடரும். யோசனை இவ்வளவுதான். இதை மருந்தாக்குவதற்குத்தான் அத்தனை வருடம் பிடித்தது.

மோனோகுளோனல் என்றால்?

ஆன்டிபாடி செய்வது பி செல் என்ற வெள்ளணு. ஒரே பி செல்லின் வாரிசுகள் சுரக்கும், அச்சு அசலாக ஒரே மாதிரியான ஆன்டிபாடி. 1975இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜஸ் கோலரும் செசார் மில்ஸ்டைனும் எலியின் மண்ணீரலில் இருந்து எடுத்த பி செல்லையும் சாகாமல் பெருகும் மைலோமா என்ற புற்றுநோய்ச் செல்லையும் இணைத்து ஹைப்ரிடோமாவை உருவாக்கினார்கள். ஹைப்ரிடோமா ஆன்டிபாடியையும் சுரக்கும், காலாகாலத்துக்கும் வளர்ந்துகொண்டே இருக்கும். 1984இல் நோபல் கிடைத்தது.

எலி ஆன்டிபாடியையே மனிதருக்குக் கொடுத்தால் என்ன?

கொடுத்துப் பார்த்தார்கள். 1986இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மோனோகுளோனல் மருந்து, ஓகேடி3, முழுக்க முழுக்க எலி ஆன்டிபாடி. மாற்றிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்கக் கொடுத்தார்கள். அதன் இலக்கும் டி செல் மேல் இருக்கும் ஓர் ஏற்பித் தொகுதிதான், சிடி3.

அதில் இரண்டு சிக்கல்கள். எலிப் புரதத்தை அந்நியமாகப் பார்த்த நோயாளியின் உடல், அதற்கு எதிராகவே ஆன்டிபாடி சுரந்தது. அதனால் மறுபடி கொடுத்தால் பலன் குறையும், ஒவ்வாமையும் வரலாம். இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. டி செல்லை அடக்கக் கொடுத்த மருந்து, முதல் டோஸில் அதைத் தூண்டிவிட்டது. சைட்டோகைன்கள் என்ற அழற்சிச் சைகைப் புரதங்கள் கொட்டி, காய்ச்சலும் நடுக்கமும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் வந்தன. முதல் சிக்கலுக்கு விடை, ஆன்டிபாடியை மனிதமயமாக்குவது. இரண்டாவதற்கு அது விடையே இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. பின்னால் லண்டன் சம்பவத்துக்கு வரும்போது இது ஏன் முக்கியம் என்று புரியும்.

எலியிடமிருந்து மனித ஆன்டிபாடி எப்படி வரும்?

எலியின் ஆன்டிபாடி மரபணுக்களைச் செயலிழக்கச் செய்துவிட்டு, அந்த இடத்துக்கு மனித ஆன்டிபாடி மரபணுக்களைக் கொண்டுவந்தால் வரும். 1994இல் இரண்டு குழுக்கள் இதைச் செய்து காட்டின. ஒன்று ஜென்ஃபார்ம் நிறுவனத்தில் நில்ஸ் லோன்பெர்க்கின் குழு. இன்னொன்று ஜீனோமவுஸ் என்ற எலியை உருவாக்கிய குழு. 1997இல் மெடாரெக்ஸ் நிறுவனம் ஜென்ஃபார்மை வாங்கியது.

இதில் எனக்கு மிகப் பெரிய விஷயமாகத் தெரிவது, எலியின் உடம்பு செய்யும் மீதி வேலை. இலக்குப் புரதத்தை ஊசியில் போட்டதும் எலியின் நிணநீர் முடிச்சுகளில் பி செல்கள் பெருகுகின்றன. பெருகும்போது அந்த மனித மரபணுக்களில் சின்னச் சின்னத் திடீர்மாற்றங்கள் ஏற்படுகின்றன. நன்றாக ஒட்டுபவை தங்குகின்றன, மற்றவை கழிகின்றன. சோதனைக்குழாயில் மாதக்கணக்கில் செய்ய வேண்டிய மெருகேற்றலை எலி தானே செய்து கொடுக்கிறது. புரதத்தின் வரிசையோ மனிதருடையது.

இதற்கு வேறு வழி இல்லையா?

இருக்கிறது. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸின் மேல் கோடிக்கணக்கான மனித ஆன்டிபாடித் துண்டுகளைக் காட்டி, ஒட்டுவதை மட்டும் பொறுக்கி எடுக்கும் ஃபேஜ் டிஸ்ப்ளே முறை. 2002இல் அனுமதி பெற்ற அடலிமுமாப் அப்படி வந்ததுதான். பெம்ப்ரோலிசுமாப் மூன்றாவது வழியில் வந்தது: எலி ஆன்டிபாடியில் இலக்கைத் தொடும் வளையங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மனித வரிசையாக மாற்றினார்கள்.

அதன் கதையில் ஒரு திருப்பம் உண்டு. நெதர்லாந்தில் ஆர்கனான் நிறுவனத்தில் அதைத் தேடியவர்கள் பிடி-1ஐத் தடுக்கத் தேடவில்லை; தூண்டத்தான் தேடினார்கள். பிரேக்கை இன்னும் அழுத்தி மூட்டுவாதம் போன்ற நோய்களுக்கு மருந்து செய்வது அவர்கள் திட்டம். கையில் சிக்கிய நல்ல ஆன்டிபாடிகள் நேர்மாறாக வேலை செய்தன. ஒரே ஏற்பியில் ஒட்டும் இரண்டு ஆன்டிபாடிகளில் ஒன்று அதை எழுப்பலாம், மற்றது அதை அடைக்கலாம். ஒட்டுகிறதா என்ற கேள்வியோடு நிற்பவர் பாதிக் கிணறுகூடத் தாண்டவில்லை.

நிவோலுமாபை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்?

2005இல் ஜப்பானின் ஓனோ நிறுவனமும் மெடாரெக்ஸும் கைகோத்தன. மனித மரபணு எலிகளுக்கு இரண்டு விதமாக பிடி-1ஐ ஊசியில் கொடுத்தார்கள். ஒன்று, மனித பிடி-1ஐத் தன் மேல் காட்டும் சீன வெள்ளெலி செல்கள். மற்றது, பிடி-1இன் வெளிப்பகுதியை மனித ஆன்டிபாடியின் வால்பகுதியோடு ஒட்டவைத்த கரையும் புரதம். செல்லின் மேல் இருக்கும்போது ஏற்பிக்கு எந்த வடிவமோ அதையும் எலி பார்க்க வேண்டும் என்பதால்தான் செல்லையும் சேர்த்துக் கொடுப்பது.

பிறகு மண்ணீரலை எடுத்து ஹைப்ரிடோமாக்கள் செய்து சலித்தார்கள். இந்த ஆன்டிபாடி பிடி-1ஐப் பிடிக்கிறதா? அதன் உறவுக்கார ஏற்பிகளான சிடி28, சிடிஎல்ஏ-4, ஐகாஸ், பிடிஎல்ஏ ஆகியவற்றைத் தொடாமல் விடுகிறதா? பிடி-எல்1, அதே போல பிடி-1ஐ அழுத்தும் பிடி-எல்2 இரண்டும் வந்து ஒட்டுவதைத் தடுக்கிறதா? அப்புறம் உண்மையான பரீட்சை: ஒருவருடைய டி செல்லையும் வேறொருவருடைய டென்ட்ரிடிக் செல்லையும் (அந்நியத்தை டி செல்லுக்குக் காட்டிக்கொடுக்கும் செல்) ஒரே கிண்ணத்தில் கலந்து, ஆன்டிபாடி சேர்த்து, சில நாள் கழித்து மேலே நிற்கும் திரவத்தில், விழித்த டி செல் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற சைட்டோகைன் எவ்வளவு என்று அளப்பது. அந்நியச் செல்லைப் பார்த்த டி செல் கொஞ்சம் சுரக்கத்தான் செய்யும். ஆன்டிபாடி சேர்த்ததும் அந்த அளவு ஏறினால் பிரேக் விட்டிருக்கிறது என்று அர்த்தம். அதோடு இன்னொரு கிண்ணமும் தேவை: தூண்டுதல் எதுவும் இல்லாத ரத்தத்தில் ஆன்டிபாடியை மட்டும் விட்டால் செல்கள் சும்மா இருக்க வேண்டும். அங்கேயும் சைட்டோகைன் ஏறினால் அந்த ஹைப்ரிடோமா குளோனைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

இதையெல்லாம் தாண்டி வந்த குளோனின் பெயர் 5சி4. அதுதான் நிவோலுமாப். பிடி-1ஐ அது பிடிக்கும் வலு சுமார் 3 நானோமோலார் (இந்த எண் சிறியதானால் பிடி இறுக்கம்; ஆயிரம் நானோமோலார் ஒரு மைக்ரோமோலார்). பிடி-எல்1 தனி மூலக்கூறாக பிடி-1ஐப் பிடிப்பது மைக்ரோமோலார் அளவில்தான், அதாவது ஆயிரம் மடங்குக்கும் மேல் பலவீனமாக. அந்தப் போட்டியில் யார் ஜெயிப்பார் என்பதில் சந்தேகம் இல்லை.

ஐஜிஜி4 என்று எழுதியிருக்கிறதே, அது ஏன்?

மாணவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இது. ஆன்டிபாடியின் இரண்டு கைகள் இலக்கைப் பிடிக்கும். வால்பகுதி மற்ற நோய் எதிர்ப்புச் செல்களை 'இதைக் கொல்' என்று அழைக்கும். வாலைப் பொறுத்து ஆன்டிபாடிகளில் ஐஜிஜி1, ஐஜிஜி4 என்று வகைகள் உண்டு. ஐஜிஜி1 வகையின் வால் இந்த அழைப்பில் கெட்டி. புற்றுநோய்ச் செல்லையே நேராகப் பிடிக்கும் ரிட்டுக்சிமாப் போன்ற மருந்துக்கு அது வேண்டும். ஆனால் பிடி-1 இருப்பது நாம் காப்பாற்ற நினைக்கும் டி செல்லின் மேல். அங்கே கெட்டியான வாலை மாட்டினால், விடுவிக்கப் போன செல்லையே கொன்றுவிடுவோம். அதனால் அழைப்பு பலவீனமாக இருக்கும் ஐஜிஜி4ஐ எடுத்தார்கள்.

ஐஜிஜி4க்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அதன் இரண்டு பாதிகளும் பிரிந்து, ரத்தத்தில் இருக்கும் வேறு ஐஜிஜி4இன் பாதியோடு சேர்ந்துகொள்ளும். மருந்தின் ஒரு கை பிடி-1ஐப் பிடிக்கும், மற்றது சம்பந்தமில்லாத எதையோ பிடிக்கும். இதைத் தடுக்க, கைகளும் வாலும் சேரும் கீல்பகுதியில் 228ஆவது இடத்தில் இருக்கும் செரின் என்ற அமினோ அமிலத்தை எடுத்துவிட்டு புரோலினை வைத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் உள்ள புரதத்தில், ஒவ்வொரு கனச் சங்கிலியிலும் (ஒவ்வொரு பாதியிலும் உள்ள பெரிய சங்கிலி) ஒரே ஒரு மாற்றம்.

சிடிஎல்ஏ-4ஐக் குறிவைக்கும் இபிலிமுமாப் ஐஜிஜி1. அதுவும் மெடாரெக்ஸின் எலியிலிருந்து வந்ததுதான். 2011 மார்ச்சில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது. அங்கே கட்டிக்குள் இருக்கும் அடக்கும் வகை டி செல்களை அந்த வால் ஒழித்துக்கட்டுவதும் பலனில் ஒரு பங்கா என்று இன்னும் விவாதிக்கிறார்கள். எலிகளில் அப்படித்தான் நடக்கிறது.

லண்டனில் என்ன நடந்தது? இந்த மருந்துகளுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

2006 மார்ச் 13. லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகம். ஜெர்மனியின் டெஜெனரோ நிறுவனம் உருவாக்கிய டிஜிஎன்1412 என்ற ஆன்டிபாடியை முதன்முதலாக மனிதர்களுக்குக் கொடுத்தார்கள். ஆரோக்கியமான 8 இளைஞர்களில் 6 பேருக்கு மருந்து, 2 பேருக்கு வெறும் திரவம். ஒருவருக்கு ஏற்றி சுமார் 10 நிமிடத்தில் அடுத்தவருக்கு. முதல் ஆளுக்கு என்ன ஆகிறது என்று பார்க்க யாரும் காத்திருக்கவில்லை. 90 நிமிடத்துக்குள் தலைவலி, உடம்புவலி, வாந்தி தொடங்கின. அடுத்த 12 முதல் 16 மணி நேரத்தில் ஆறு பேருமே தீவிர சிகிச்சையில், நுரையீரலும் சிறுநீரகமும் செயலிழக்கும் நிலையில். ஆறு பேரும் பிழைத்தார்கள். ஒருவர் கால்விரல்களையும் கைவிரல் நுனிகளையும் இழந்தார்.

அதன் இலக்கு சிடி28, டி செல்லைத் தூண்டும் ஏற்பி. ஆன்டிபாடி மனிதமயமாக்கப்பட்டதுதான். ஐஜிஜி4தான். கொடுத்த அளவு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், குரங்குகள் தாங்கிய அளவில் 500இல் ஒரு பங்கு. காகிதத்தில் எல்லாம் சரி.

பிறகு தெரிந்தவை இரண்டு. சோதித்த குரங்கினத்தில், சைட்டோகைன் புயலைக் கிளப்பும் ஒரு வகை நினைவு டி செல்களின் (முன்பு பார்த்த கிருமியை நினைவில் வைத்திருப்பவை) மேல் சிடி28 இருப்பதில்லை, மனிதரில் இருக்கிறது. இரண்டாவது, ஆய்வகத்தில் மனித ரத்தச் செல்களோடு இந்த ஆன்டிபாடியைத் திரவமாகக் கலந்தால் ஒன்றும் நடக்காது. பிளாஸ்டிக் தட்டில் காயவைத்து ஒட்டவைத்த பிறகு அதே செல்களை மேலே விட்டால் சைட்டோகைன் கொட்டும். முதல் சோதனையை மட்டும் செய்தவருக்கு ஆபத்து தெரிய வாய்ப்பே இல்லை.

பிடி-1ஐத் தடுக்கும் ஆன்டிபாடி செய்வது வேறு: ஏற்கெனவே வரும் சைகையை மறிக்கிறது, புதிதாகச் சைகை கொடுப்பதில்லை. இருந்தாலும் டி செல் ஏற்பியைத் தொடும் எல்லா மருந்துக்கும் விதிகள் மாறின. ஒரே நாளில் எல்லோருக்கும் ஏற்றுவதை விட்டுவிட்டு, முதலில் ஒருவருக்கு மட்டும் கொடுத்து, காத்திருந்து, பிறகுதான் அடுத்தவர். தொடக்க டோஸை விலங்கு எவ்வளவு தாங்கியது என்பதிலிருந்து மட்டும் கணக்கிடாமல், மனித செல்லில் ஏதாவது விளைவு தெரியும் மிகக் குறைந்த அளவிலிருந்தும் கணக்கிடுகிறார்கள். லண்டனில் கொடுத்த டோஸ் சுமார் 90 சதவீத சிடி28 ஏற்பிகளை ஒரேயடியாகப் பிடித்திருக்கும் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். இந்தக் கணக்கை ஊசி போடும் முன்பே போட்டிருக்க முடியும். அந்த ஆறு பேரை நினைக்கும்போது எனக்கு இன்றும் தாங்க முடியாதது இதுதான்.

மருந்தை எங்கே வளர்க்கிறார்கள்?

சீன வெள்ளெலியின் சூலகத்திலிருந்து வந்த, சிஎச்ஓ என்று எல்லோரும் சொல்லும் செல்களில். ஆன்டிபாடியின் இரண்டு சங்கிலிகளுக்கான மரபணுக்களை அதற்குள் செலுத்தி, நன்றாகச் சுரக்கும் ஒற்றைச் செல்லைப் பிரித்து, அதன் வாரிசுகளை உறையவைத்துச் சேமிப்பார்கள். ஒவ்வொரு பேட்சும் அந்தச் சேமிப்பிலிருந்து ஒரு குப்பியில் தொடங்கி, ஆயிரக்கணக்கான லிட்டர் தொட்டிகள் வரை போகும். ஆன்டிபாடியோடு ஒட்டும் புரோட்டீன் ஏ நிரப்பிய குழாயில் அதைப் பிடித்து, அமிலத்தில் வைத்து வைரஸைச் செயலிழக்கச் செய்து, மேலும் வடிகட்டுவார்கள். விலைக்கு இது ஒரு காரணம். காப்புரிமை அதைவிடப் பெரிய காரணம்.

மனிதர்களுக்கு முதலில் எப்படிக் கொடுத்தார்கள்? எல்லோருக்கும் பலன் உண்டா?

முதல் ஆய்வு 2006இல் தொடங்கியது. 39 புற்றுநோயாளிகளுக்குக் கிலோவுக்கு 0.3 முதல் 10 மில்லிகிராம் வரை, தனி டோஸ்களாக. பெருங்குடல் புற்றுநோய் இருந்த ஒருவருக்குக் கட்டி முழுதாக மறைந்தது. 2012இல் 296 பேரிடம் செய்த பெரிய ஆய்வின் முடிவு வந்தது: கட்டி கணிசமாகச் சுருங்கியவர்கள் மெலனோமாவில் 28 சதவீதம், சிறுநீரகப் புற்றில் 27, நுரையீரல் புற்றில் 18. ஜப்பானில் 2014 ஜூலையிலும் அமெரிக்காவில் அதே ஆண்டு டிசம்பரிலும் நிவோலுமாபுக்கு அனுமதி கிடைத்தது. சிடிஎல்ஏ-4ஐத் தடுத்துப் புற்றுநோயைத் தாக்கலாம் என்று காட்டிய ஜேம்ஸ் ஆலிசனுக்கும் ஹோன்ஜோவுக்கும் 2018இல் நோபல்.

அந்த எண்களைத் திருப்பிப் பார்த்தால், பெரும்பாலானவர்களுக்குக் கட்டி அந்த அளவுக்குச் சுருங்கவில்லை. டி செல்லே எட்டிப் பார்க்காத கட்டியில் பிரேக்கை எடுத்து என்ன பயன்? வீட்டில் நோயாளி இருப்பவர்களிடம் இதை மறைத்துப் பேசுவது தவறு.

பக்கவிளைவுகள் எப்படி இருக்கும்?

கீமோதெரபி போல முடி கொட்டுவதும் வாந்தியும் முக்கியப் பிரச்சினை இல்லை. தைராய்டு, குடல், நுரையீரல், கல்லீரல், தோல் என எந்த உறுப்பிலும் தன்னெதிர்ப்பு அழற்சி வரலாம். அபூர்வமாக இதயத்தசையில் வந்தால் உயிருக்கே ஆபத்து. ஒரு நாளைக்கு வழக்கத்தைவிட நாலைந்து முறை கூடுதலாக வயிற்றுப்போக்கு, புதிதாக மூச்சுத்திணறல், விடாத வறட்டு இருமல், காரணம் தெரியாத பெரும் சோர்வு: இவற்றை அன்றைக்கே புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தை நிறுத்திப் பல மாதம் கழித்தும் வரலாம். வேறு டாக்டரிடம் போக நேர்ந்தால் 'இம்யூனோதெரபி எடுத்தேன்' என்று முதலில் அதைச் சொல்ல வேண்டும். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் ஸ்டீராய்டில் அடங்கிவிடும். தைராய்டு பாதிப்பு மட்டும் பலருக்கு நிரந்தரமாகி மாத்திரை தொடர வேண்டியிருக்கும்.

காப்புரிமை யாருடையது?

கண்டுபிடிப்பில் தங்களுக்கும் பங்குண்டு என்று பாஸ்டனின் டானா-ஃபார்பர் புற்றுநோய் ஆய்வு நிலையம் வழக்குப் போட்டு, 2020இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றது. ஹோன்ஜோவுக்கும் ஓனோவுக்கும் பங்குத்தொகையில் நடந்த வழக்கு 2021 நவம்பரில் சமரசமானது. கியோட்டோ பல்கலைக்கழக ஆராய்ச்சி நிதிக்கு ஓனோ 2,300 கோடி யென் தர ஒப்புக்கொண்டது. அடிப்படை ஆராய்ச்சி நடந்த இடத்துக்குப் பணம் திரும்பிப் போனது எனக்குச் சந்தோஷம்.

குறைந்த டோஸ் போதும் என்கிறார்களே, உண்மையா?

முதல் ஆய்விலேயே இதற்கான குறிப்பு கிடைத்தது. கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் வாங்கியவர்களின் டி செல்களிலும் சராசரியாக 70 சதவீதத்துக்கு மேல் பிடி-1 ஏற்பிகள் இரண்டு மாதங்களுக்கும் மேலாக நிரம்பியே இருந்தன. பத்து மில்லிகிராமுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஏற்பி நிரம்பிவிட்டால் மேலும் ஊற்றி என்ன ஆகப்போகிறது?

மும்பை டாட்டா மெமோரியல் மருத்துவமனையில் விஜய் பாட்டீல், குமார் பிரபாஷ் குழுவினர் இதைச் சோதித்தார்கள். முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோய் உள்ள 151 பேர். ஒரு பாதிக்கு மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோடினிப் என்ற மூன்று மருந்துகள் மட்டும். மறுபாதிக்கு அவற்றோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாப். வழக்கமான டோஸ் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். ஆறு வாரத்துக்குக் கணக்கிட்டால் 720க்குப் பதில் 40, அதாவது 18இல் ஒரு பங்கு. ஓராண்டு உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமாக உயர்ந்தார்கள். புகையிலையால் வாய்ப்புற்று இவ்வளவு பரவியிருக்கும் நம் நாட்டில் இது சாதாரண முடிவு இல்லை. 40 மில்லிகிராம் குப்பி ஒன்றை ஒரே நாளில் இரண்டு நோயாளிகளுக்குப் பகிரலாம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வு குறைந்த டோஸை, நிவோலுமாபே இல்லாத சிகிச்சையோடு ஒப்பிட்டது. முழு டோஸோடு ஒப்பிடவில்லை. ஆகவே 'குறைந்த டோஸ் முழு டோஸுக்குச் சமம்' என்று அதிலிருந்து சொல்ல முடியாது. 'வாங்க வழியில்லாமல் விட்டுவிடுவதைவிடக் குறைந்த டோஸ் நல்லது' என்று தாராளமாகச் சொல்லலாம். முழு டோஸுக்குப் பணம் புரட்ட முடியாத குடும்பம், சிகிச்சையே வேண்டாம் என்று முடிவெடுக்கும் முன், இந்த ஆய்வைப் பற்றித் தங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டும். உங்கள் புற்றுநோய் வகைக்கு இது பொருந்துமா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.